பூசாத வீடு

தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பேர். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். ஆஸ்பத்திரி, ஓட்டல், ஆபீஸ் என்று நகரத்தில் உயரமான கட்டடம் எதைக் காட்டினாலும் அதன் வயிற்றுக்குள் என்ன ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதே கட்டடம் வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். பின்வாசலில் கையெழுத்துப் போட்டு உள்ளே போய், கிரீஸ் கையோடு பின்வாசலிலேயே வெளியே வந்த மனுஷனுக்கு முகப்பைப் பற்றி என்ன தெரியும்?

அவர் மனைவிக்குத் தெரியும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் செக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். தைத்து முடித்த சட்டைகள் ஒவ்வொன்றாக அவள் மேசைக்கு வரும். காலர் இரண்டு பக்கமும் சமமா, பட்டன் ஒரே கோட்டில் இருக்கிறதா, பை கோணலா என்று பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். வேலை முடிந்து கிளம்பும்போது அந்தக் கண்ணை அவள் மேசையில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெருவிலுள்ள வீடெல்லாம் அவளுக்குச் சட்டைதான்.

"ஏங்க, அந்த மஞ்ச வீட்டப் பாருங்க. மேல் ஜன்னல் ஒரு பக்கம், கீழ் ஜன்னல் ஒரு பக்கம். பட்டன மாத்திப் போட்ட மாதிரி."

"இவ்வளவு சின்ன வீட்டுக்கு அவ்வளவு பெரிய தூண் எதுக்குங்க? நோஞ்சானுக்குப் பயில்வான் கால ஒட்ட வச்சிருக்காங்க."

அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு வேறு பேச்சை எடுப்பார். இந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஏனென்றால் அவர்கள் வீட்டுக்கு முகப்பே கிடையாது. பதினெட்டடி அகலம், கீழே இரண்டு அறை, மேலே ஒன்று. உள்ளே பூசி, சுண்ணாம்பு அடித்து, தரை போட்டு எல்லாம் முடிந்திருந்தது. தெருப்பக்கம் மட்டும் வெறும் செங்கல். வரிக்கு வரி சிமென்ட் வழிந்து காய்ந்திருக்கும். சாரம் கட்ட விட்ட ஓட்டைகளில் குருவிகள் வாடகை இல்லாமல் குடியிருந்தன. குடிவந்த புதிதில், "அடுத்த கோடையில பூசிடலாம்" என்றார். அந்தக் கோடையில் மகளுக்கு டைபாய்டு. அதற்கடுத்த கோடையில் மொட்டைமாடி ஒழுகியது. அப்புறம் மகள் படிப்பு, மகள் கல்யாணம், அவருக்கே முதுகில் ஆபரேஷன். இப்படியே இருபத்து மூன்று கோடை போயிற்று.

தபால்காரருக்கும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கும் 'பூசாத வீடு' என்றால்தான் விளங்கும். மளிகைக் கடையில் அவள் சீட்டைக் கொடுத்தால், "பூசாத வீட்டம்மாதானே?" என்பார்கள். அவருக்கு அது உறைத்ததே இல்லை. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். ஆனால் அதற்காகச் சண்டை பிடித்தவள் இல்லை. பத்திரிகைகளில் வரும் வீட்டுப் படங்களை வெட்டி, தொழிற்சாலையில் வீணாகிப்போன ஒரு ரிஜிஸ்டரில் ஒட்டிக்கொண்டே வந்தாள். முதல் பக்கங்களில் வளைவும் தூணும். நடுப் பக்கங்களில் நீலக் கண்ணாடி. கடைசிப் பக்கங்களில் எல்லாம் அடங்கிப்போய், வெளிர் நிறத்தில் மழமழவென்று ஒரு பூச்சும், வாசலை ஒட்டி மட்டும் மெல்லிய கல் பதித்த ஒரு பட்டையும்.

அவளுக்கு ஐம்பத்தாறு நடக்கும்போதுதான் அது ஆரம்பித்தது. சீப்பு ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. ஒரே போனில் மகளிடம் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாள். பக்கத்துத் தெருக் கடைக்குப் போனவள் வெறும் பையோடு திரும்பி வந்து, எதற்குப் போனேன் என்று நடுவாசலில் நின்று யோசித்தாள். தலையைப் படமெல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர் அவளை மகளோடு வெளியே உட்கார வைத்துவிட்டு அவரிடம் பேசினார்.

"ஞாபகம் கொஞ்சங்கொஞ்சமாப் போகும். மருந்து தள்ளிப் போடும், நிறுத்தாது. ஒண்ணு செய்யுங்க. வீட்டுல எதையும் இடம் மாத்தாதீங்க. பழகின இடம்தான் அவங்களுக்குக் கைப்பிடி."

அவர் மெஷினோடு பழகினவர். சொன்னதை அப்படியே செய்வார். கரண்டி மாட்டும் ஆணியைக்கூட மாற்றவில்லை. காலொடிந்த நாற்காலியைத் தூக்கிப்போடாமல் முட்டுக்கொடுத்து அதே இடத்தில் வைத்தார். மகள் அனுப்பிய புதுத் திரைச்சீலையைப் பிரிக்காமல் அலமாரிக்குள் தள்ளினார். ஆனால் அதே நாட்களில் அவர் மனசுக்குள் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். இருபத்து மூன்று வருஷமாக ஒருத்தி ஒட்டி ஒட்டி வைத்ததை, அவள் கண்ணுக்கு விளங்குகிற காலத்திலேயே கட்டிக் காட்டிவிட வேண்டும். இதற்கு மேல் அடுத்த கோடை என்று சொல்ல முடியாது.

மேஸ்திரி வந்தார். அவருக்கு வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இரண்டும் ஓயாது. போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"சார், இப்ப எல்லாரும் இந்த எலிவேஷன்தான் கேக்கறாங்க. ரெண்டு தூண், மேல முக்கோணம், உள்ளுக்குள்ள லைட்டு. சும்மா அரண்மனை மாதிரி இருக்கும்."

"பதினெட்டடியில அரண்மனையா?" என்றாள் அவள். அன்றைக்கு அவளுக்கு நல்ல நாள். தலை வாரி, கண்ணாடி போட்டு, கால்களைத் தரையில் ஊன்றி நாற்காலியின் முன்பக்கமாக உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலையில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். "ராஜா வந்தா எங்க உக்கார வைக்கிறது?"

மேஸ்திரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சரிம்மா, நீங்களே சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. பூச்சு வழவழப்பாக இருக்க வேண்டும், சொரசொரப்பு கூடாது, தூசி தங்கும். நிறம் வெள்ளையும் வேண்டாம், சந்தனமும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில். கல் வாசலுக்கு இடது பக்கம் மட்டும். மேல் ஜன்னலின் ஓரமும் கீழ் ஜன்னலின் ஓரமும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அதற்காகச் சுவரை இரண்டு அங்குலம் இடிக்க வேண்டியிருந்தால் இடிக்கலாம். மேஸ்திரி கொண்டுவந்த கல் மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூன்றாவதின் ஓரத்தை நகத்தால் தடவி, "இது உடைஞ்சு ஒட்டினது" என்று தள்ளி வைத்தாள். மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். உண்மைதான்.

"அம்மா, நீங்க என்னோட வேலைக்கு வந்துடுங்க" என்றார்.

அன்று லிஃப்ட்காரர் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். டாக்டர் தப்பாகச் சொல்லியிருப்பாரோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

வேலை ஏழு வாரம் நடந்தது. சாரம் கட்டி, தெருப்பக்கம் முழுக்கப் பச்சை வலையால் மூடிவிட்டார்கள். பூச்சு பிடிக்க வேண்டும் என்று செங்கல் முகத்தைக் கொத்திவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் பக்கத்துச் சந்து வழியாகப் பின்வாசலில் போய்வந்தார்கள். உள்ளே தூசி வராமல் அவர் ஜன்னல்களுக்குத் துணி கட்டினார். "யார் வீட்டுலங்க இந்தத் தட்டுற சத்தம்?" என்று அவள் கேட்பாள். "உன் வீட்டுலதான். பொறுத்துப் பாரு" என்பார். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பிள்ளையின் குறுகுறுப்பு.

வலையை அவிழ்த்த அன்று காலையில் அவளுக்கு நல்ல சேலை கட்டிவிட்டு, சந்து வழியாகத் தெருவுக்குக் கூட்டிவந்து, எதிர்ச்சாரியில் டியூஷன் டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தினார். டீச்சரும் வெளியே வந்து நின்றாள். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

அவள் பார்த்தாள். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். ஜன்னல் ஓரங்களைக் காற்றில் விரலால் கோடு போட்டுச் சரிபார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு. குறையே இல்ல" என்றாள். "யாருதுங்க இந்த வீடு?"

"நம்மளுதுதான்."

"விளையாடாதீங்க. நம்ம வீடு பூசாத வீடு."

"அதைத்தான் பூசியிருக்கு. நீதானே கல்லு, கலர் எல்லாம் சொன்ன?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமில்லை. வழி தெரியாத ஊரில் யாரோ தப்பு வழி சொல்கிறார்கள் என்று சந்தேகம் வரும்போது பார்க்கிற பார்வை. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தெருவோடு நடக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வீடாக நின்று பார்த்துக்கொண்டே தெருமுனை வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். அவர் பின்னாலேயே நடந்தார். மூன்றாவது தடவை திரும்பும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயா, கொஞ்சம் என்னை எங்க வீட்டுல கொண்டுபோய் விடுங்களேன். எங்க வீட்டுக்காரர் தேடுவாரு."

ஐயா என்று கூப்பிட்டது அவரைத்தான்.

டீச்சர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மேஸ்திரி செருப்பைப் பார்த்தார். லிஃப்ட்காரர் அவள் கையைப் பிடித்து, சந்து வழியாகப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனார். உள்ளே கரண்டி மாட்டிய ஆணியையும் முட்டுக்கொடுத்த நாற்காலியையும் பார்த்ததும் அவள் மூச்சு விட்டாள். "அப்பாடா. வந்தாச்சு" என்று உட்கார்ந்தாள்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. டாக்டர் சொன்னது அப்போதுதான் முழுசாக அவர் காதில் விழுந்தது. ஒரு கரண்டியை இடம் மாற்றாமல் காத்தவர், வீட்டு முகத்தையே மாற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு முன்வாசலைத் தாழ் போட்டே வைத்தார். போகவர எல்லாம் பின்வாசல். அப்படியும் ஒரு நாள் காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, கீரைக்காரியின் குரல் கேட்டு அவள் முன்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். கீரையை வாங்கித் திரும்பிப் பார்த்தால் யாரோ வீடு. அவர் தலை துவட்டாமல் தெருத் தெருவாக ஓடினார். ஒரு மணி நேரம் கழித்து டியூஷன் டீச்சர் போன் செய்தாள். மூன்று தெரு தள்ளி ஒரு புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல் எழும்பி, பூசாமல் நின்றது. அதன் வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். படியைக் கூட்டிச் சுத்தம் செய்திருந்தாள். மடியில் கீரைக் கட்டு. காவலுக்கு இருந்த பெண் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் அவள் முகம் கடுகடுத்தது.

"சாவிய எங்க வச்சீங்க? எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன். கீரை வாடுது பாருங்க."

யாரோ ஒருவர் வீட்டின் பூசாத சுவருக்கு முன்னால் அவரை அவளுக்கு உடனே தெரிந்தது. "தப்புதான்மா. வா போலாம்" என்றார். அவள் வர மறுத்தாள். வீட்டை விட்டுவிட்டு எங்கே போவது என்று கேட்டாள். ஆட்டோவில் ஏற்றுவதற்குள் மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஆட்டோ தெருமுனை தாண்டும் வரைக்கும் திரும்பித் திரும்பி அந்தச் சுவரையே பார்த்தாள்.

மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்றார்.

"எடுக்கறதா? சார், இது என்ன சட்டையா, கழட்டிப் போட? உள்ள இருக்கிற செங்கல்ல முழுசாக் கொத்தியாச்சு. பிச்சா அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கும். உங்க பழைய சுவர் வராது."

"வேற வழி?"

மேஸ்திரி வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "செங்கல் டைல்ஸ் இருக்கு. மெல்லிசா, சிவப்பா. பெரிய பெரிய பங்களாவுக்கே இப்ப அதுதான் ஒட்டறாங்க. பூசாத மாதிரியே இருக்கும். ஆனா சார், அம்மா பாத்துப் பாத்துச் சொன்ன வேலை இது. நான் செஞ்சதுலயே இதுதான் நல்ல வேலை."

"தெரியும்."

போனில் மகள் அழுதாள், கோபப்பட்டாள். "அப்பா, இன்னும் ஆறு மாசம் போனா அம்மாவுக்கு எந்த வீடுமே தெரியாது. அதுக்காக உடைப்பீங்களா? அம்மா கடைசியாத் தெளிவாச் சொன்னது அது ஒண்ணுதாம்பா."

"அந்த ஆறு மாசத்துக்குத்தாம்மா" என்றார். ஒரு பக்கம் அவள் ஆசைப்பட்டது. இன்னொரு பக்கம் அவள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மனுஷன் என்ன செய்வான்?

வாசல் ஓரத்துக் கல்லை முதலில் பெயர்த்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. உள்ளே அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தார். டைல்ஸ் ஒட்ட ஆரம்பித்த பிறகு வெளியே வந்தார். வந்தவர் மேஸ்திரியைப் பாடாய்ப் படுத்திவிட்டார்.

"இவ்வளவு நேரா வேண்டாம். மேல் ஜன்னலுக்குக் கீழ மூணாவது வரி வலது பக்கமா இறங்கியிருக்கும். அங்க ஒரு கல்லு கருத்திருக்கும், வெந்தது கூடிப்போன கல்லு. வாசலுக்கு மேல சிமென்ட் ரெண்டு விரல் அகலத்துக்கு வழிஞ்சு நிக்கும், நாக்கு மாதிரி. இடது மூலையில அரைக் கல்லு. அதுக்கு மேல ஓட்டை."

"ஓட்டையுமா?"

"ஓட்டையும்."

சொல்லச் சொல்ல அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு கட்டடத்தின் முகத்தையும் நினைவில் வைக்காத மனுஷன், இந்தச் சுவரில் ஒரு கல் விடாமல் ஒப்பித்தார். எப்போது பார்த்தோம், எப்போது மனசில் ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. மேஸ்திரி பேச்சை நிறுத்திவிட்டார். இத்தனை வருஷம் ரசமட்டம் வைத்து நேர்பார்த்த கை, அவர் சொன்ன கோணலையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்தது. கூலியாட்கள் சிரித்தபோது ஒரு அதட்டுப் போட்டார். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். லிஃப்ட்காரருக்குக் கழன்றுவிட்டது என்று பேச்சு. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முடிந்த அன்று இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. சாயங்காலம் அவளை நடக்கக் கூட்டிப்போய்விட்டு, தெருமுனையில் கையை விட்டுவிட்டார். நாலடி பின்னால் நடந்தார். அவள் ஒரு வீட்டைத் தாண்டினாள், இரண்டு வீட்டைத் தாண்டினாள். தன் வீட்டுக்கு முன்னால் வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். செருப்பைக் கழற்றினாள். அப்புறம் திரும்பிச் சுவரைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் பூசிட்டாங்க. நம்ம வீடு மட்டும் இப்படியே நிக்குது. இதுக்கு எப்பத்தாங்க பூசப் போறீங்க?"

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பூசிடலாம்மா" என்றார்.

"சொல்லிக்கிட்டே இருங்க" என்றுவிட்டு அவள் உள்ளே போனாள். போகும்போது அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். பழைய சிரிப்பு. அவர் வெளியிலேயே ரொம்ப நேரம் நின்றார். எதிர்வீட்டில் டீச்சர் ஜன்னல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

மகள் ஆறு மாசம் என்றாள். கிடைத்தது ஐந்து மாசமும் சில நாட்களும். அந்த ஐந்து மாசமும் அவள் முன்வாசல் வழியாகப் போய்வந்தாள், கீரை வாங்கினாள், பூசாத சுவரைப் பற்றிக் குறைசொன்னாள். அதன்பின் வெளியே போவது நின்றது. பிறகு நடப்பது, பிறகு பேசுவது. ரிஜிஸ்டரை ஒரு நாள் அவள் மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். படத்தின் ஓரம் ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்த இடத்தை விரலால் அழுத்தினாள். படத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், அவர் ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது ஸ்பூன் உள்ளே இறங்கவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு மகள் இரண்டு வாரம் கூட இருந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பா, இனிமே யாருக்காக இந்தச் செங்கல்? அம்மா சொன்ன மாதிரியே மறுபடியும் பண்ணிடலாமா? அந்தக் கல்லு, அந்தக் கலரு. மேஸ்திரிகிட்ட நான் பேசறேன். அம்மா ஆசைப்பட்ட வீடா இருக்கட்டுமே."

அவர் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா" என்றார் கடைசியில். "எனக்கும் வயசாகுது. போன வாரம் கடையில நின்னு, எதுக்கு வந்தோம்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன். நாளைக்கு எனக்கும் மறந்து போச்சுன்னா, நான் இந்தச் சுவரத்தான் தேடுவேன்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. அவர் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு எழுந்து போய், பிரயாணத்துக்கு அவள் எடுத்துப்போக வேண்டிய தண்ணீர் பாட்டிலைக் கழுவி, குழாயடியில் கவிழ்த்து வைத்தார்.